மொதல் தடவை பிளேன் ஏறுறவங்களும் நம்ம உபதேசமும்

"விமானத்தில் முதல் முறை செல்வோருக்கு 25 யோசனைகள்"னு ஒரு மேட்டர் ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாட்ஸப்ல சுத்தி வரும். உங்களுக்கும் வந்திருக்கும். நல்லா டிரஸ் பண்ணிட்டுப் போங்க, சத்தமா போன் பேசாதீங்க, புளிச்சோத்துப் பொட்டலத்தைப் பிரிக்காதீங்க, பிளேன் நின்ன உடனே எந்திரிக்காதீங்க, பட்டிக்காட்டான் மாதிரி ஜன்னலையே வெறிச்சுப் பாக்காதீங்க. முழுசாப் படிச்சு முடிச்சா ஒண்ணு நல்லாப் புரியும். எழுதின புண்ணியவானுக்கு மொதல் தடவை போறவரைப் பத்தி ஒரு கவலையும் இல்லை. அவர் பக்கத்து சீட்டுல உக்காரப் போற தன்னைப் பத்தித்தான் கவலை.

அதுவும் ஜன்னலைப் பாக்கக் கூடாதாம்! காசு குடுத்து ஏறிட்டு முன் சீட்டு முதுகையா பாத்துக்கிட்டு வரணும்? திருச்சியிலிருந்து கிளம்பும்போது சரியான பக்கம் சீட்டு கிடைச்சா, காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல ஸ்ரீரங்கம் ஒரு தட்டு மாதிரி கிடக்கறதைப் பாக்கலாம். ஐம்பது தடவை பறந்தவனும் அதைப் பாக்காம போன் நோண்டினா அவன்தான் அசடு. நல்லா வெறிச்சுப் பாருங்க மக்களே :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்க அத்தை ஒருத்தங்க, அறந்தாங்கிப் பக்கம் கிராமம், வயசு அறுபத்தொண்ணு. பொண்ணு சிங்கப்பூர்ல. பிரசவம் பாக்கத் தனியாப் போகணும். கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி என்னைக் கூப்பிட்டு உக்காரவெச்சு வரிசையா சந்தேகம் கேட்டாங்க. "ஏம்ப்பா, வாசல்ல யாரு நிப்பா, என்ன கேப்பாங்க?" "இந்தியில கேட்டா என்ன சொல்றது?" "பெட்டியை வாங்கிக்கிட்டா திரும்பக் குடுப்பாங்களா, சீட்டு ஏதும் தருவாங்களா?" "தாலியைக் கழட்டச் சொல்லுவாங்களோ?" "என் பிளேன் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" ஒரு மணி நேரம் கேட்டாங்க. அதுல ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கூட பிளேன் விழுந்துடுமாங்கறதைப் பத்தி இல்லை. அவங்க பயமெல்லாம் தரையிலதான் இருந்துச்சு.

நான் பாத்த வரைக்கும் எல்லாருக்குமே அப்படித்தான். வானத்துல நம்ம வேலை ஒண்ணும் இல்லை, உக்காந்திருந்தாப் போதும். தரையிலதான் அஞ்சாறு இடத்துல, தெரியாத மொழியில, தெரியாத ஆளுங்க முன்னாடி, சரியா ஒண்ணைச் செய்யணும். நாம குடுக்குற உபதேசமோ மானம் மரியாதையைப் பத்தி இருக்கு. இதனால என்ன ஆகுதுன்னா, போறவங்க வாயைத் திறந்து கேக்கவே கூச்சப்படுறாங்க. "கேட்டா பட்டிக்காடுன்னு நெனப்பாங்க"ன்னு பேசாம நின்னு, பிளேனை விட்டவங்க உண்டு.

மொதல் அதிர்ச்சி வாசல்லயே. ரயில்னா நாமளும் கூட ஏறி, பெட்டியை சீட்டுக்கு அடியில தள்ளி, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்து, எதிர் சீட்டுக்காரர்கிட்ட "கொஞ்சம் பாத்துக்கங்க சார்"னு சொல்லிட்டு, வண்டி நகரும்போது குதிச்சு இறங்குவோம். விமான நிலையத்துல டிக்கெட்டும் போட்டோ போட்ட அடையாள அட்டையும் இல்லாதவங்களை உள்ளயே விடமாட்டாங்க. அதனால துணை அந்தக் கண்ணாடிக் கதவோட முடிஞ்சுது. இதை முன்னாடியே சொல்லணும். சொல்லாமக் கூட்டிட்டுப் போனா அந்த இடத்துலயே பாதித் தெம்பு போயிடும். டிக்கெட்ல இருக்கற பேரும் அட்டையில இருக்கற பேரும் ஒண்ணா இருக்கணும்ங்கறதையும் டிக்கெட் போடும்போதே பாத்துடுங்க. நம்ம ஊர் இனிஷியல் பண்ற கூத்து கொஞ்சநஞ்சம் இல்லை.

உள்ள போனா வரிசை இப்படித்தான். மொதல்ல உங்க விமானக் கம்பெனி கவுண்டர். பெரிய பெட்டியை எடை போட்டு எடுத்துக்குவாங்க. போர்டிங் பாஸ்ல ஒரு குட்டி ஸ்டிக்கர் ஒட்டிக் குடுப்பாங்க. அதான் பெட்டிக்கு ரசீது, இறங்கி பெட்டி கைக்கு வர்ற வரைக்கும் பத்திரம். உள்நாட்டுப் பயணத்துல பொதுவா பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. வெளிநாடுன்னா கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அடுத்தது, வெளிநாடு போறவங்களுக்கு மட்டும், இமிக்ரேஷன். அதுக்கப்புறம் பாதுகாப்புச் சோதனை. பெண்களுக்குத் திரை மறைச்ச தனி இடம், பெண் காவலர்தான் சோதிப்பாங்க. கையில இருக்கற கருவி பீப்னு கத்தும், நகையைக் காட்டினாப் போதும். தாலி பத்திரமா இருக்கும் அத்தைன்னு சொன்னப்புறம்தான் அவங்க முகமே தெளிஞ்சுது.

கடைசியா கேட். இங்கதான் என் கோபமே.

போர்டிங் பாஸ்ல கேட் நம்பர் இருக்கும். ஆனா அது கடைசி நேரத்துல மாறலாம். புறப்படுற நேரத்துக்கு 20, 25 நிமிஷம் முன்னாடியே கதவைச் சாத்திடுவாங்க. இது ரெண்டும் தெரியாதவருக்கு ஒலிபெருக்கிதான் ஒரே துணை. அந்த ஒலிபெருக்கியைத்தான் இப்ப பெரிய பெரிய நிலையங்கள்ல நிறுத்திட்டாங்க. "சைலண்ட் ஏர்போர்ட்"னு பேரு. இரைச்சல் இல்லாம பயணிங்க நிம்மதியா இருக்கணுமாம். யாருக்கு நிம்மதி? வாரத்துக்கு ரெண்டு தடவை பறக்கற, திரையைப் பாத்து இங்கிலீஷ்ல படிச்சுக்கற, செல்போன்ல தகவல் வர்ற ஆளுக்கு நிம்மதி. மொதல் தடவை வந்தவருக்கு அது காட்டுல விட்ட மாதிரி. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் "தஞ்சாவூர் தஞ்சாவூர் தஞ்சாவூர்"னு தொண்டை கிழியக் கத்துறாரே, அது இரைச்சல்னு யாராவது சொல்லுவீங்களா? எழுதப் படிக்கத் தெரியாதவரும் சரியான பஸ்ல ஏறுறது அந்தச் சத்தத்தாலதான்.

திருச்சியில புது முனையத்தை 2024 ஜனவரியில திறந்துவெச்சாங்க. ஸ்ரீரங்கம் கோயிலை மனசுல வெச்சு அமைச்ச கட்டடம், பாக்க அம்சமா இருக்கு. அங்கேயிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போறவங்கள்ல நம்ம டெல்டா, ராம்நாடு, சிவகங்கை, பெரம்பலூர் பக்கத்து உழைக்கிற ஜனம் எத்தனையோ பேர். கோபுரம் சுவத்துல இருக்கட்டும், சந்தோஷம். அதைவிட எனக்கு முக்கியம் ஒரு மைக்கும், அதுல தமிழ்ல கூப்பிட ஒரு ஆளும்.

மொழின்னு பேச்செடுத்தாலே சில பேர் "ஆரம்பிச்சுட்டான்யா"ன்னு ஓடுவாங்க. கொஞ்சம் நில்லுங்க. 2020 ஆகஸ்டுல சென்னை விமான நிலையத்துல, எனக்கு இந்தி தெரியாது, தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ பேசுங்கன்னு கேட்ட கனிமொழியைப் பாத்து, நீங்க இந்தியரான்னு பாதுகாப்புப் படை அதிகாரி ஒருத்தர் கேட்டதா அவங்களே பொதுவுல எழுதினாங்க. விசாரணைக்கும் உத்தரவாச்சு. நாடாளுமன்ற உறுப்பினர், அதனால நாடே பேசிச்சு. எங்க அத்தையைக் கேட்டிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

இதுல பெருமை சிறுமையைத் தாண்டி உயிர் சமாச்சாரமும் ஒண்ணு இருக்கு. பிளேன் கிளம்பறதுக்கு முன்னாடி பணிப்பெண் நின்னு பெல்ட், ஆக்ஸிஜன் முகமூடி, மிதவைச் சட்டை எல்லாம் செஞ்சு காட்டுவாங்க. பெரும்பாலும் இங்கிலீஷ், இந்தி. மதுரையில ஏறி சென்னையில இறங்கற, முக்கால்வாசி தமிழாளுங்க உக்காந்திருக்கற விமானத்துலயும் அதே கதைதான் (சில பைலட்டுங்க தாங்களே தமிழ்ல பேசுறாங்க, அவங்க நல்லா இருக்கணும்). அதுல ஒரு வரி வரும்: மிதவைச் சட்டையை விமானத்துக்குள்ளேயே ஊதிப் பெருக்காதீங்க, வெளியே போகும்போதுதான் இழுக்கணும். சும்மா சொல்றதுன்னு நெனைக்காதீங்க. 1996-ல கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவுப் பக்கத்துல கடல்ல இறங்குச்சு. உள்ளேயே சட்டையை ஊதிக்கிட்டவங்க தண்ணி ஏற ஏற மேல் கூரையில முட்டிக்கிட்டு வெளியே வரமுடியாமப் போனாங்க. புரிஞ்சவங்களுக்கே பதட்டத்துல மறக்கற விஷயம் அது. மொழியே புரியாதவர் என்ன பண்ணுவார்?

இன்னொரு பக்கமும் பாருங்க. 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடாவுல இறங்கின ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில இருந்த இன்னொரு விமானத்துல மோதித் தீப்பிடிச்சு முழுசா எரிஞ்சுது. அதுல இருந்த 379 பேரும் வெளியே வந்துட்டாங்க. பைகளை விட்டுட்டு, சொன்ன வார்த்தையைக் கேட்டு இறங்கினாங்க. கேட்டது அவங்களுக்குப் புரிஞ்சுது. அதனால மொதல் தடவை போறவங்களுக்கு நான் இதைத் தமிழ்ல முன்கூட்டியே சொல்லிடுவேன்: உக்காந்த உடனே முன்னாடியும் பின்னாடியும் கதவு எத்தனை சீட்டுத் தள்ளி இருக்குன்னு எண்ணிக்கங்க. இறங்கி ஓடச் சொன்னா பையை எடுக்காதீங்க. முகமூடி விழுந்தா மொதல்ல உங்களுக்கு, அப்புறம்தான் குழந்தைக்கு. அம்மாக்களுக்கு இந்தக் கடைசி விஷயம் மனசே ஒப்பாது. நீங்க மயங்கிட்டா பிள்ளைக்கு யார் மாட்டுவான்னு கேட்டா ஒத்துக்குவாங்க.

கதவுன்னதும் ஞாபகம் வருது. தெரியாம அவசர வழிக் கதவைத் திறந்துடுவாங்கன்னு பட்டிக்காட்டு ஆளுங்களை வெச்சு எத்தனை ஜோக்கு! 2022 டிசம்பர்ல சென்னையிலிருந்து திருச்சி கிளம்ப இருந்த விமானத்துல நெசமாவே ஒருத்தர் அந்தக் கதவைத் திறந்துட்டார். தரையில நின்னப்பதான், நல்லவேளை. அவர் மொதல் தடவை ஏறின கிராமத்தாளு இல்லீங்க, கர்நாடகத்து நாடாளுமன்ற உறுப்பினர். தவறுதலா நடந்துடுச்சுன்னு அப்புறம் மத்திய அமைச்சரே சொன்னார். ஹி ஹி.

வானத்தைப் பத்திச் சுருக்கமாச் சொல்லிடுறேன். நம்ம ஊர் புழுக்கத்துல கதவு திறந்திருக்கும்போது ஏசியிலிருந்து வெள்ளையா புகை மாதிரி வரும். புகை இல்லை, பனி மூட்டம்தான். மேல ஏறின கொஞ்ச நேரத்துல இஞ்சின் சத்தம் திடீர்னு குறையும், பிளேன் கீழ இறங்குற மாதிரி வயித்தைக் கலக்கும். அது வழக்கமா சக்தியைக் குறைக்கறதுதான். இதை ஒரு வார்த்தை சொல்லிவெச்சா அந்த ஒரு நிமிஷ மரண பயம் மிச்சம். சக்கரம் உள்ள போகும்போது தடால்னு ஒரு சத்தம். இறங்கின உடனே இஞ்சின் ஓன்னு கத்தும், வேகத்தைக் குறைக்கத்தான். காது ஏறும்போது அடைக்கறதைவிட இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கும். எச்சில் முழுங்கணும், கைக்குழந்தைக்கு அந்த நேரத்துல பால் குடுக்கணும். முன்னெல்லாம் தட்டுல மிட்டாய் கொண்டு வருவாங்க, இப்ப நாமளே புளிப்பு மிட்டாய் வாங்கி வெச்சுக்க வேண்டியதுதான். பாத்ரூம்ல கதவை முழுசாத் தாழ் போட்டாத்தான் நல்ல வெளிச்சம் வரும், தண்ணி ஊத்திக் கழுவ வழி இருக்காது, அமுக்கினா புலி உறுமுற மாதிரி சத்தம் வரும். இதையெல்லாம் எந்த 25 யோசனையிலயும் நான் பாக்கலை. அத்தைக்கு இதுதான் ரொம்ப உபயோகமா இருந்துச்சாம்.

அப்புறம் மூட்டை முடிச்சு. கயிறு கட்டின அட்டைப்பெட்டியைப் பாத்துச் சிரிக்காத மேதாவி கிடையாது. சக்கரம் வெச்ச பெட்டி காலியாவே மூணு நாலு கிலோ இருக்கும். அட்டைப்பெட்டி ஒரு கிலோ கூட வராது. கிலோ கணக்கு பாத்து அனுப்புற இடத்துல அந்த மூணு கிலோ பிள்ளைங்களுக்கு மூணு கிலோ சாமான். அட்டைப்பெட்டி கட்டுறவன் நம்மளைவிட நல்லா கணக்குப் போட்டிருக்கான். ஒண்ணு மட்டும் பாத்துக்கணும்: துபாய் விமான நிலையம் 2017 மார்ச்சிலிருந்து உருண்டையா, ஒழுங்கில்லாம கட்டின மூட்டைகளை எடுத்துக்கறதில்லை, ஒரு பக்கமாவது தட்டையா இருக்கணும்னுட்டாங்க. அதனால போர்வை மூட்டை வேண்டாம், பெட்டியே மேல்.

உள்ள என்ன வைக்கறதுங்கறதுதான் உண்மையிலேயே வினை. கொப்பரைத் தேங்காய் எடுத்துக்க மாட்டாங்க. எண்ணெய்ப் பசையால தானாவே சூடாகித் தீப்பிடிக்கும்னு அது ஆபத்தான பொருள் பட்டியல்ல இருக்கு. பவர் பேங்க் பெரிய பெட்டிக்குள்ள போகக் கூடாது, கைப்பையில மட்டும். குருமாவுக்குன்னு வைக்கிற கசகசா இருக்கே, அதைத் தயவுசெஞ்சு எடுத்துடுங்க. அபினிச் செடியோட விதைங்கறதால சிங்கப்பூர்லயும் துபாய்லயும் அதுக்குத் தடை, வளைகுடாவுல ஜெயில் வரைக்கும் போகலாம். வெத்தலையோட போடுற புகையிலையும் சிங்கப்பூருக்கு ஆகாது. சூயிங்கம்மும் அங்க 1992-லேருந்து தடை. காது அடைப்புக்குன்னு அதை வாங்கிக் குடுத்து அனுப்பிடாதீங்க.

எல்லாத்தையும் விடப் பெரிய வினை, "அங்க என் மச்சான் வந்து வாங்கிக்குவான் ஆயா, சின்னப் பார்சல்தான்"னு வர்ற ஊர்க்காரன். மொதல் தடவை போறவங்களுக்கு மறுத்துப் பேச வாய் வராது. அந்தப் பார்சலுக்குள்ள என்ன இருந்தாலும் பெட்டி உங்க பேர்ல. சிங்கப்பூர், மலேசியா ரெண்டு நாட்டுச் சட்டத்துலயும் போதைப் பொருள் கடத்தலுக்குத் தூக்கு வரைக்கும் உண்டு. பகையானாலும் பரவாயில்லை, முடியாதுன்னு சொல்லுங்க.

வேலைக்குப் போற தம்பிங்களுக்கும் ஒரு வார்த்தை. பத்தாவது முடிக்காதவங்க பாஸ்போர்ட் பொதுவா ஈ.சி.ஆர். வகையில வரும். வளைகுடா, மலேசியா மாதிரி 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகணும்னா அவங்க அரசாங்கத்துக்கிட்ட குடியேற்ற அனுமதி வாங்கணும். தொந்தரவுதான், ஆனா அது அவங்களைக் காப்பாத்தறதுக்காக வெச்ச வேலி. "அதெல்லாம் வேணாம், டூரிஸ்ட் விசாவுல போ, கேட்டா சுத்திப்பாக்கப் போறேன்னு சொல்லு"ன்னு ஏஜெண்ட் சொன்னா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டு வீட்டுக்கு வந்துடுங்க. கம்போடியா, லாவோஸ், மியான்மர்ல ஆன்லைன் மோசடிக் கூடாரங்கள்ல அடைச்சு வெச்சு வேலை வாங்கப்பட்டு, அப்புறம் மீட்கப்பட்ட தமிழ்நாட்டுப் பசங்க கதையெல்லாம் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. கம்ப்யூட்டர் வேலைன்னு டூரிஸ்ட் விசாவுல அனுப்பினதுதான் பல கதைக்கும் ஆரம்பம். இமிக்ரேஷன் கவுண்டர்ல பொய் சொல்லச் சொல்றவன் உங்களுக்கு நல்லது பண்ண வரலை.

இப்ப சக்கர நாற்காலிக்கு வருவோம். நம்ம ஊர்லேருந்து போற விமானங்கள்ல வயசானவங்க வரிசையா வீல்சேர்ல போறதைப் பாத்திருப்பீங்க. "நல்லா நடக்கறவங்கல்லாம் வீல்சேர் கேக்குறாங்க"ன்னு ஒரு கேலி, வழக்கம்போல. அவங்க கேக்கறது நாற்காலியை இல்லைங்க, அதைத் தள்ளிக்கிட்டு வர்ற ஆளை! கவுண்டர்ல பேச, கேட் காட்ட, ஃபாரம் நிரப்ப ஒரு மனுஷர் கிடைக்கறதுக்கு வேற வழியே இல்லாததால, பிள்ளைங்க டிக்கெட் போடும்போதே வீல்சேர்னு டிக் பண்ணிடறாங்க. இதனால நெசமா முட்டி தேஞ்சு நடக்கமுடியாதவர் காத்துக் கிடக்கறார்ங்கறதும் உண்மைதான். அந்தத் தப்பைப் பயணிங்க தலையில கட்டாதீங்க. வயல்ல குனிஞ்சு நாத்து நட்ட பொம்பளை, வழி கேக்குறதுக்காக நடக்கமுடியாதவளா நடிக்கவேண்டி வருது. கேவலம் அவங்களுக்கா, இப்படி வெச்சிருக்கறவங்களுக்கா?

டிக்கெட் போடும்போது சைவமா அசைவமா கேக்குறாங்க, ஜன்னல் சீட்டுக்குக் கூடுதல் காசு கேக்குறாங்க, இன்சூரன்ஸ் வேணுமான்னு மூணு தடவை கேக்குறாங்க. "இது உங்கள் முதல் பயணமா?"ன்னு ஒரு கட்டம் சேத்து, டிக் பண்ணினவங்களுக்குக் காசு வாங்காம, அவங்க மொழி பேசுற ஒரு ஆள் கவுண்டர்லேருந்து கேட் வரைக்கும் கூட நடந்து வந்தா என்ன குடி முழுகிடும்? விமான நிலையத்துக்குன்னு டிக்கெட்ல பிடிக்கிற கட்டணத்தை மொதல் தடவை போறவரும் முழுசாத்தானே கட்டுறார்?

அது வர்ற வரைக்கும், மக்களே, அடுத்த தடவை நீங்க பறக்கும்போது கேட் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு திரையா அண்ணாந்து பாத்துக்கிட்டு யாராவது நின்னா, "எந்த ஊருக்குப் போறீங்கம்மா?"ன்னு தமிழ்ல கேளுங்க.

பி.கு: மிளகாய் ஊறுகாயைக் கைப்பையில வெச்சா சோதனையில தூக்கிப் போட்டுடுவாங்க. பெரிய பெட்டியில, மூணு பிளாஸ்டிக் கவர் சுத்தி, துணிக்கு நடுவுல வைக்கவும். மூடியைச் சுத்தி டேப் ஒட்ட மறக்கவேண்டாம்.